மாற்றி ஓட்டும் பந்தயம்

கோலா குபு பாரு
7 ஏப்ரல் 2024

வாயைப் பூட்டிக்கொண்ட அண்ணனுக்கு,

துளசி எழுதுகிறேன். கவரைப் பார்த்ததும் போலீஸ் சம்மன் என்று நினைத்திருப்பாய். சம்மன் இல்லை, தங்கச்சிதான். என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். அம்மா போனுக்கு அடித்தால் பக்கத்தில் நின்று ‘வை, வை’ என்று சைகை காட்டுகிறாயாம். தபாலை பிளாக் செய்ய வழி இல்லை, அதனால் தபால்.

எனக்கும் புக்கிட் செந்தோசாவுக்கும் நடுவில் அரை மணி நேர ஓட்டம். நாம் ஓட்டினால் அதைவிடக் குறைவு. வந்துவிடலாம்தான். ஆனால் உன் வாசலில் நான் நிற்க, நீ உள்ளே டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

சிப்பாங் கார் பந்தயப் பாதையில் அன்று நடந்ததை நான் எப்படிப் பார்த்தேன் என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். அந்தக் கோடீஸ்வர டத்தோ தன் இரண்டு சூப்பர் காரில் எது வேகம் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். வார இறுதியில் அங்கே பணக்காரப் பிள்ளைகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அண்ணன் தங்கையைக் கூப்பிட்டார். நீ ஜெர்மன் வெள்ளையை எடுத்தாய். எனக்கு இத்தாலிச் சிவப்பு கிடைத்தது. சிவப்பு முக்கால் வினாடி முந்தியது. நான் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு உன்னிடம்தான் ஓடி வந்தேன், தலையில் ஒரு குட்டு வைத்து ‘பரவால்லடி’ என்பாய் என்று.

நீ விஷாலினியின் கேமராவைப் பார்த்து என்ன சொன்னாய்? “காரு ஓடுச்சு. இவ சும்மா உள்ள குந்திக்கிட்டு வந்தா.”

தமிழில் கார் வீடியோ போடுகிற பெண்ணுக்கு இதைவிட என்ன வேண்டும்? என் ஆபீஸில் அதிகாரி முதல் தே தாரேக் டீ கலக்குகிறவர் வரை பார்த்துவிட்டார்கள். நான் கௌண்டரில் உட்கார்ந்தால் “துளசி, சும்மா குந்தியிருக்கியா?” என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். நானும் பல்லைக் காட்டுகிறேன்.

நான் அன்று கோபப்படவில்லை. “அப்படின்னா வாண்ணே, மாத்தி ஓட்டுவோம், தோட்டத்து ரூல்” என்றுதான் கேட்டேன். அதற்கு நீ கையுறையைத் தரையில் அடித்துவிட்டு, “இனிமே இவகிட்ட ஒரு வார்த்தை பேசினேன்னா பாரு, எங்கம்மா தலைமேல சத்தியம்” என்றாய். அம்மா அந்த நேரம் வீட்டில் வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தார், பாவம். தன் தலை சிப்பாங்கில் அடமானம் போனது அவருக்கு எப்படித் தெரியும்?

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். நான் சும்மா உட்கார்ந்துதான் வந்தேனா? அதற்கு மட்டும் பதில் போடு.

துளசி


புக்கிட் செந்தோசா
15 ஏப்ரல்

துளசி,

பேச மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. இருந்தாலும் அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். “எழுதினா என் தலைக்கு ஒண்ணும் ஆகாது, எழுதித் தொலை” என்றார். அன்றிலிருந்து அவருக்கு லேசாகத் தலை வலித்தாலும் என்னைத்தான் முறைக்கிறார்.

உனக்கு ஆபீஸில் மட்டும்தான் கிண்டல். எனக்கு ரவாங் பட்டறையில் தினமும். டயர் அலைன்மெண்டுக்கு வருகிறவன் எல்லாம் போனை நீட்டி “அண்ணே, இது நீங்கதானே?” என்கிறான். பக்கத்துக் கடைச் சீன முதலாளி டவுக்கேவுக்குத் தமிழே தெரியாது. அவரும் என்னைப் பார்த்தால் “குந்தி, குந்தி” என்கிறார் லா.

நான் சொன்னதில் என்ன தப்பு? சிப்பாங்கில் நீளமான நேர் பாதை இரண்டு. இரண்டிலும் சிவப்பு பிய்த்துக்கொண்டு போகும். வெள்ளை வளைவில் வளைவில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்ததை அந்த நேர் பாதையில் பறிகொடுக்கும். வெள்ளையின் பிரேக் எப்படிப்பட்டது, அதன் பின்பக்கம் எப்படி ரோட்டைப் பிடித்துக்கொள்ளும் என்று அன்று ஓட்டிய எனக்குத் தெரியும். சுற்றுக்குச் சுற்று டயர் சூடானாலும் அது மாறவே இல்லை. சிவப்பு மூன்றாவது சுற்றிலேயே வாலை ஆட்ட ஆரம்பித்துவிட்டது, நான் பின்னாலிருந்து பார்த்தேன். வெள்ளை நல்ல கார். அந்தப் பாதைக்கு அது பொருந்தவில்லை. அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

சொன்ன விதம் மோசம் என்கிறார் அம்மா. இருக்கலாம்.

மாற்றி ஓட்ட வர மாட்டேன். காரணம் கேட்காதே.

மச்சானுக்கு ரத்தத்தில் இனிப்பு நீர் குறைந்ததா என்று அம்மா கேட்கச் சொன்னார்.

தீபன்


கோலா குபு பாரு
22 ஏப்ரல்

அண்ணே,

உன் கடிதத்தில் வெள்ளைக் காருக்கு எவ்வளவு வக்காலத்து! எனக்கு ஒரு வரியாவது எழுதினாயா? சிவப்பு வாலை ஆட்டியது என்கிறாயே, அந்த வாலை யார் பிடித்து நிறுத்தினது? டத்தோவா?

சரி, சண்டை போடவில்லை. ராத்திரிச் சந்தை நினைவிருக்கிறதா? கோலா சிலாங்கூரில் அப்பா நமக்கு வாங்கிக் கொடுத்த கார் அட்டைக் கட்டு. ஒவ்வோர் அட்டையிலும் ஒரு சூப்பர் கார், அடியில் குதிரைசக்தி, உச்ச வேகம். நம் செம்பனைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் குந்திக்கொண்டு (பார், எனக்கும் அந்த வார்த்தையே வருகிறது) நாள் முழுக்க வெட்டிக்கொண்டிருப்போம். “என்னது முன்னூத்தி இருவது, ஒன்னது?” என்பாய். நான் தோற்கிற அட்டையைக் கொடுக்காமல் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஓடுவேன். அந்தக் கார்களில் ஒன்றைக்கூட நாம் கண்ணால் பார்த்ததில்லை. நமக்குத் தெரிந்த பெரிய கார் மேனேஜரின் பழைய வோல்வோதான். அதையும் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணுவார்கள்.

பின்பு நீ கப்சாய் மோட்டார் சைக்கிள் வாங்கினாய். ஞாயிற்றுக்கிழமை செம்பனைக் குலை நிறுக்கிற கொட்டகையிலிருந்து மாரியம்மன் கோயில் வரைக்கும் செம்மண் பாதையில் மோட்டார் பந்தயம். ஜெயித்தவன் “நான்” என்பான், தோற்றவன் “உன் மோட்டார்” என்பான், அடிதடி ஆகும். டிராக்டர் ஓட்டிய செல்லையா மாமாதான் ரூல் போட்டார்: “இப்ப ரெண்டு பேரும் வண்டிய மாத்திக்குங்க. திரும்ப அதே மோட்டாரு ஜெயிச்சா மோட்டாரு. திரும்ப அதே ஆளு ஜெயிச்சா ஆளு. அதுக்கு மேல எவனாச்சும் வாயத் தொறந்தா கோயில் பொங்கல் கெடையாது.” அதற்குப் பிறகு அடிதடியே இல்லை. நம் தோட்டத்தில் மாற்றி ஓட்டாத பந்தயத்தைப் பந்தயம் என்று யாரும் சொன்னதில்லை. அந்தப் பாதை இன்று வீடமைப்புத் திட்டத்துக்குள் போய்விட்டது. போன மாதம் அந்தப் பக்கம் போனேன், நிறுவைக் கொட்டகை இருந்த இடத்தில் செல்ஃப் சர்வீஸ் லாண்டரி. காரை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தேன், இறங்க மனம் வரவில்லை.

அண்ணே, எனக்கு அந்த நாட்கள் வேண்டும். உன்னோடு எதைப் பற்றியாவது வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு அதற்கு வேறு ஆள் இல்லை. மச்சானிடம், காற்று காரை ரோட்டோடு அழுத்துமே அந்த டவுன்ஃபோர்ஸ் என்றால், எந்த ஊர் போலீஸ் என்று கேட்கிறார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வீடியோவைப் பார்த்துவிட்டு டத்தோ வெள்ளையை விற்க முடிவு செய்துவிட்டார். மே கடைசியில் சிங்கப்பூருக்குப் போகிறது. அதற்கு முன் ஒரு நாள் மாற்றி ஓட்ட அவர் சம்மதித்துவிட்டார், விஷாலினியும் வருகிறாள். வெள்ளை போய்விட்டால் பிறகு எதை மாற்றி ஓட்டுவது? நான் சாகும்வரை சும்மா குந்திக்கொண்டு வந்தவளாகவே இருக்க வேண்டியதுதான்.

காரணம் கேட்காதே என்றாய். கேட்கிறேன். ஏன் வர மாட்டாய்?

துளசி


புக்கிட் செந்தோசா
1 மே

துளசி,

இன்று தொழிலாளர் தினம், பட்டறை லீவு. காலையிலிருந்து எழுதுகிறேன், இது மூன்றாவது தாள்.

அட்டை விளையாட்டில் நீ சட்டைக்குள் போட்டுக்கொண்டதை மட்டும் எழுதினாய். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்ததை எழுதவில்லை. இன்னொன்றும் விட்டுவிட்டாய். தஞ்சோங் காராங் வாய்க்கால் ரோடு. அப்பாவின் கஞ்சில் காரில் நான் உனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் வாய்க்கால், நடுவில் அந்த ஒடுங்கின ரோடு. எதிரே நெல் லோரி வந்தால் மற்ற பிள்ளைகள் நடுங்கி நிறுத்தும். நீ ஓரத்துப் புல்லில் இரண்டு சக்கரத்தை இறக்கி, ஸ்டியரிங்கை உலுக்காமல், போய்க்கொண்டே இருந்தாய். நான்தான் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டேன், உன் முகத்தில் ஒன்றும் இல்லை. அந்த நாட்கள் எனக்கும் வேண்டும். வயல் நாற்றம், வாய்க்கால் காற்று, கஞ்சிலின் கியர் சத்தம், எல்லாம் அப்படியே இருக்கிறது.

காரணம் கேட்டாய். சொல்கிறேன், சிரிக்காதே.

மாற்றி ஓட்டினால் இரண்டில் ஒன்றுதான் வரும். சிவப்பு ஜெயித்தால் கார். நீ ஜெயித்தால் நீ. முதலாவது வந்தால் உன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், என்னால் பார்க்க முடியாது. இரண்டாவது வந்தால் நான் யார்? தோட்டத்தில் என்னை ஏரோப்ளேன் தீபன் என்றார்கள். படிப்பு வரவில்லை, கல்யாணம் தள்ளிப்போனது, பட்டறையும் சொந்தப் பட்டறை இல்லை. இத்தனைக்கும் நடுவில், தீபன் ஓட்டினால் யாரும் தொட முடியாது என்று ஒன்று இருந்தது. அதையும் கேமரா முன்னால் வைத்துப் பறிகொடுக்க வேண்டுமா? அதுவும் என் கையைப் பிடித்துக் கியர் பழகின உன்னிடம்?

இதை எழுதிவிட்டு அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “ரெண்டையும் நான்தான் பெத்தேன், எது ஜெயிச்சா என்னடா?” என்றார். அவருக்கு இது புரியாது. ஆனாலும் இந்தக் கடிதத்தைக் கிழிக்க விடவில்லை.

வருகிறேன். செல்லையா மாமா ரூலுக்கு மேல் எனக்கு வாய் கிடையாது. ஆனால் சத்தியம் சத்தியம்தான், உன்னிடம் பேச மாட்டேன். காருக்குள் பேசுகிற ரேடியோவை விஷாலினி பிடித்துக்கொள்ளட்டும்.

தீபன்


கோலா குபு பாரு
9 மே

அண்ணே,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், சிரிக்கவில்லை. நீ வந்தால் போதும்.

19-ஆம் தேதி ஞாயிறு காலை. முதலில் நீ சிவப்பில் போ, டயர் சூடாக ஒரு சுற்று, வேகமாக இரண்டு சுற்று. பிறகு நான் வெள்ளையில், அதே கணக்கு. சிவப்பின் பின்பக்கம் சூடேறினால் சட்டென்று விலகும், ஆக்சிலரேட்டரைப் பட்டென்று விட்டுவிடாதே. இதை நேரில் சொல்ல முடியாதே என்று எழுதுகிறேன்.

துளசி


புக்கிட் செந்தோசா
21 மே

துளசி,

இப்போது பேசலாம், சத்தியம்தான் முறிந்துவிட்டதே. உன் நம்பரையும் பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் நீ என் முகத்தைக்கூடப் பார்க்காமல் உன் மைவி காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாய், அதன் பிறகு ஒரு மெசேஜும் இல்லை. அதனால் தாளில் வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை என் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நான் சிவப்பை ஓட்டினேன். நீ சொன்னபடியே பின்பக்கம் விலகியது, பிடித்தேன். நேர் பாதையில் அந்தச் சத்தம் முதுகுத் தண்டில் ஏறியது. இதைவிட வேகமாக ஒரு மனிதன் ஓட்ட முடியாது என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே வந்தேன். விஷாலினி கேமராவைக் கீழே இறக்கிவிட்டு நேரத்தைக் காட்டினாள். அதே சிவப்பில் நீ போட்டதைவிட அரை வினாடி அதிகம். கார் அதே கார், துளசி. உன் கையில் அது இன்னும் ஓடியிருக்கிறது.

பிறகு நீ வெள்ளையில் போனாய். நான் பாதையோரப் பிட் சுவரில் நின்றேன். திரையில் பாதையை மூன்றாகப் பிரித்து நேரம் வரும் இல்லையா? முதல் பகுதியிலேயே நான் அன்று வெள்ளையில் போட்டதை நீ முந்திவிட்டாய். இரண்டாவதில் இன்னும் அதிகம். இனி பின்பக்க நேர் பாதையும், அதன் முடிவில் கடைசிக் கொண்டை ஊசி வளைவும்தான் பாக்கி. எனக்கு அழுகை வந்தது, கோபமா என்னவென்று தெரியவில்லை. அந்த நேரம் நிமிர்ந்து பார்த்தால் கடைசி வளைவின் மேல் மழை. சிப்பாங் மழையைத்தான் உனக்குத் தெரியுமே, ஒரு முனையில் வெயில், மறுமுனையில் கொட்டும். கொடி அசைப்பதற்குள் ரோடு வெள்ளைவெளேரென்று ஆகிவிட்டது. நீ இருந்த பக்கம் காய்ந்து கிடந்தது, அங்கிருந்து உனக்கு எதுவும் தெரிந்திருக்காது. விஷாலினி ரேடியோவைக் கையில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிடுங்கிவிட்டேன். “துளசி! கால எடு! கடைசி வளைவுல மழை, கால எடும்மா!” என்று கத்தினேன். அம்மா தலை அந்த நேரம் ஞாபகத்துக்கே வரவில்லை.

நீ மெதுவாக வந்தாய். அவ்வளவு மெதுவாக வந்தும் வெள்ளை வழுக்கி, பக்கவாட்டில் திரும்பி, பாதையோரச் சரளைக்கு முன்னால் நின்றது. நீ வந்திருக்கக்கூடிய வேகத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தூக்கம் வரவில்லை. பிறகு எல்லாப் பக்கமும் மழை, சிங்கப்பூருக்கென்று வெள்ளையை டிரக்கில் ஏற்றிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். கையைத் தலைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டு, “இருக்கு. போய்க் குளி” என்றார்.

என்னைக் குடைவது இதுதான். திரையில் நீ என்னை முந்திக்கொண்டிருந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று உனக்குத் தெரியும். பொறுக்காமல் கத்தினேன் என்று நினைத்தாயா? அதனால்தான் பேசாமல் போனாயா? இல்லை என்று உன்னை நம்பவைக்க என்னிடம் எதுவும் இல்லை. வளைவில் மழை இருந்ததை நீயே பார்த்தாய், ஆனால் கத்தும்போது என் மனசில் என்ன இருந்தது என்று எதை வைத்துக் காட்டுவது?

விஷாலினியிடம் கேமராவைத் தூக்கச் சொல்லி ஒன்று சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை வீடியோ வரும். உனக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: “சிவப்பும் நல்ல காரு, வெள்ளையும் நல்ல காரு. எங்க ரெண்டு பேருல வேகமா ஓட்டுறது என் தங்கச்சிதான்.” சொல்லி முடித்ததும் பயந்த அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பசிதான் எடுத்தது.

பதில் போடு.

தீபன்


கோலா குபு பாரு
26 மே

அண்ணே,

வீடியோ பார்த்தேன். மச்சான் தன் ஆபீஸ் முழுக்கக் காட்டிவிட்டார். அதில் உன் சட்டைப் பொத்தான் ஒன்று இல்லை, அதையாவது பார்த்துப் போட்டுக்கொண்டிருக்கலாம்.

உன் முகத்தைப் பார்க்காமல் போனது கோபத்தில் இல்லை. உன்னைப் பார்த்தால் எல்லார் முன்னாலும் ஓவென்று அழுதிருப்பேன். ரவாங் பெட்ரோல் ஸ்டேஷனில் வண்டியை நிறுத்தி அழுது முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். மெசேஜ் போடாததற்குக் காரணம் வேறு. நீ கேட்டிருக்கிறாயே, அதே கேள்வியை நானும் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். பொய் சொல்லாமல் பதில் எழுத வேண்டும் என்று இருந்தது.

அந்த நேர் பாதையில் எனக்கு முன்னால் வெயில். ரோடு கருவாடு மாதிரிக் காய்ந்து கிடந்தது. உன் நேரத்தை முந்திக்கொண்டிருக்கிறேன் என்று டாஷ்போர்டு காட்டிக்கொண்டே வந்தது. வெள்ளையின் பிரேக்கைப் பற்றி நீ எழுதினதை நம்பி, கடைசி வளைவில் இதுவரை யாரும் போகாத தூரம் போய் மிதிப்பது என்று முடிவு செய்திருந்தேன். அந்த நேரம்தான் காதுக்குள் உன் குரல். இரண்டு மாதமாகக் கேட்காத குரல்.

பொறாமையில் கத்துகிறான் என்று நினைத்தாயா என்று கேட்டாய். நினைத்தேன். மறைக்க மாட்டேன். வெயிலைப் பார்த்தேன், டாஷ்போர்டைப் பார்த்தேன், ‘இவனால தாங்க முடியல’ என்று தெளிவாக நினைத்தேன்.

ஆனால் அப்படி நினைக்கும்போதே எஞ்சின் சத்தம் அடங்கியிருந்தது. குனிந்து பார்த்தேன். கால் ஏற்கெனவே பிரேக்கில் இருந்தது.

துளசி